காற்று, கட்டை, கண்ணி!

சென்ற இதழில் சுக்கு மல்லிக் காப்பியைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த இதழில் சைக்கிளைப் பற்றி எழுதப் போகிறேன். "இதென்ன, அடுப்பங்கரைப் பக்கத்தில் சைக்கிள் வந்து நிற்கிறது?" என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் நிஜமாகவே அது அடுப்பங்கரையை ஒட்டித்தான் நிற்கிறது. மழையில் நனையாத இடம் அது ஒன்றுதான்!

இந்தச் சைக்கிள் முதலில் என் மகனுடையது. அவன் வாப்பா சவூதியிலிருந்து பணம் அனுப்பி வாங்கிக் கொடுத்தது. தடித்த டயர், இரண்டு பக்கமும் கியர், மட்கார்டு கிடையாது, செயின் மூடி கிடையாது. 'மவுண்டன் பைக்' என்பார்களே, அந்த ரகம். மேலப்பாளையத்தில் மலை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "எங்க தெரு ரோட்டப் பாருங்கம்மா, மலை தன்னால தெரியும்" என்றான். பேச்சுக்குக் குறைச்சலில்லாத பிள்ளை!

அவன் படிக்கக் கோயம்புத்தூர் போனான். சைக்கிள் வாசலில் நின்றது. 2023 டிசம்பரில் தாமிரபரணிப் பக்கமெல்லாம் வெள்ளம் வந்ததே, அப்போது எங்கள் தெருவிலும் தண்ணீர் நின்றது. சைக்கிளும் அதில் இரண்டு நாள் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு பாயை உலர்த்தினோம், அரிசியை உலர்த்தினோம், சைக்கிளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறு ஜூனில் மகள் பிளஸ் ஒன் சேர்ந்தாள். பாளையங்கோட்டையில் காலை ஆறு மணிக்குக் கணக்கு டியூஷன். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசு வேண்டாம்தான், ஆனால் அந்த நேரத்துக்குப் பஸ் வர வேண்டுமே! அண்ணன் சைக்கிளைத் துடைத்து எடுத்தாள். போனாள், வந்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் ஊரில் ஆட்டுச் சந்தை கூடும் நாள். கால்வாய்ப் பாலத்திலிருந்து இறங்கி வருகிறாள், ஒரு ஆடு குறுக்கே ஓடியிருக்கிறது. பிரேக்கைப் பிடித்தாள், பிடிக்கவில்லை. ஹேண்டில்பாரைத் திருப்பியதில் புர்காவின் ஓரம் பின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மகளுக்கு முழங்காலும் முழங்கையும் உராய்ந்து, மணிக்கட்டு சுளுக்கி, மூன்று வாரம் கட்டு.

மாமி அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "போதும்ளா. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குச் சைக்கிளு? உசுரு பொழச்சதே பெருசு." சவூதியிலிருந்து அவர்களும் போனில், "ஆட்டோ வச்சுக்க, முடியலன்னா டியூஷன நிறுத்திரு" என்றார்கள். ஆட்டோ வாடகையைக் கூட்டிப் பார்த்தேன். டியூஷன் பீஸை விடக் கூடுதல். ஆக, டியூஷன் நின்றது. மகள் ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தை மடித்து அலமாரியில் வைத்தாள். அழுதிருந்தால்கூட எனக்கு மனசு தேவலை.

சைக்கிளை விற்றுவிடலாம் என்று கடைக்குத் தள்ளிக்கொண்டு போனது நான்தான். கடைக்காரக் காக்கா பிரேக்கை அமுக்கிப் பார்த்தார். கம்பி உறைக்குள் துரு. பிரேக் கட்டை தேய்ந்து மொட்டையாக இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "தங்கச்சி, வெள்ளத்துல நின்ன வண்டிக்கு ஒரு சொட்டு எண்ணெயாவது போட்டியளா?"

எனக்குச் சுருக்கென்றது. காஸ் டியூபை மாதா மாதம் தடவிப் பார்க்கிறோம். குக்கர் கேஸ்கட் தளர்ந்தால் அன்றே மாற்றுகிறோம். நம் பிள்ளையைச் சுமந்து ரோட்டில் போகிற வண்டியை மட்டும் யார் பார்ப்பது? தப்பு சைக்கிள் மேல் இல்லை, பிள்ளை மேல் இல்லை, ஆட்டின் மேலும் இல்லை. வீட்டை ஆளுகிற என் மேல்தான். விற்க வந்த நான், "எனக்கு இதைக் கற்றுத் தாங்க காக்கா" என்று கேட்டு உட்கார்ந்துவிட்டேன்.

புதுக்கோட்டையை நினைத்தேன்

அப்போது எனக்குத் தைரியம் கொடுத்தது எப்போதோ படித்த ஒரு விஷயம். 1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. எழுத்துக் கற்பிக்க வந்த இயக்கம், பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பஸ்ஸுக்கும், அண்ணன் தம்பிக்கும், புருஷனுக்கும் காத்திராமல் தன் வேலைக்குத் தானே போய் வர முடிந்தால்தானே படித்த படிப்புக்குப் பலன்! கல் குவாரியில் உடைத்தவர்கள், வயல் வேலை செய்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள், கட்டுப்பாடான முஸ்லிம் வீட்டுப் பெண்கள் என ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனதும் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதையெல்லாம் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். கேலி பேசியவர்கள் இருந்தார்கள். ஓட்டியவர்கள் நிறுத்தவில்லை. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

தினமும் ஒரு நிமிஷம்

காக்கா சொல்லிக் கொடுத்ததை நான் மூன்று 'க' என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். காற்று, கட்டை, கண்ணி. வண்டியை எடுக்குமுன் இந்த மூன்றையும் பாருங்கள். ஒரு நிமிஷம் போதும்.

காற்று: டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று அடிக்கலாம் என்று எண் அச்சடித்திருக்கும். குறைந்த அளவு, கூடிய அளவு இரண்டும் இருந்தால் அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள். தார் ரோட்டுக்குச் சற்றுக் கூடுதல், மண் பாதைக்குச் சற்றுக் குறைவு. தடித்த டயர் என்று அலட்சியம் வேண்டாம். காற்றில்லாமல் பள்ளத்தில் இறங்கினால் டியூப் ரிம்மில் நசுங்கிப் பஞ்சராகும். நிற்கிற வண்டியிலும் காற்று இறங்கும். வாரம் ஒருமுறை பம்பு அடியுங்கள்.

கட்டை: பிரேக் கட்டையில் கோடு கோடாகப் பள்ளம் இருக்கும். அந்தக் கோடு அழிந்துவிட்டால் மாற்ற வேண்டிய நேரம். கட்டை ரிம்மில் படவேண்டும், டயரில் உரசக் கூடாது. பிரேக் பிடியை முழுக்க அமுக்கினாலும் அது ஹேண்டில்பாரில் இடிக்கக் கூடாது. இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். சில வண்டிகளில் கட்டைக்குப் பதில் சக்கர நடுவில் வட்டத் தகடு இருக்கும், அதுதான் டிஸ்க் பிரேக். அந்தத் தகட்டிலும் ரிம்மிலும் மறந்தும் எண்ணெய் படக் கூடாது. பட்டால் பிரேக் வழுக்கும். ஓட்டி வந்தவுடன் தகட்டைத் தொடாதீர்கள், சுடும்.

கண்ணி: அதாவது செயின். பெடலைப் பின்னால் சுற்றியபடி பழைய துணியால் செயினைத் துடையுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டு, மேலே ஒட்டியதைத் துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். எண்ணெய் வேண்டியது கண்ணிக்குள்ளேதான். வெளியே வழிந்தால் புழுதியைச் சேர்த்து அம்மி மாதிரி அரைத்து, செயினையும் பல்சக்கரத்தையும் தின்றுவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகும். சைக்கிள் கடையில் விற்கும் செயின் எண்ணெய் நல்லது. அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் போடலாம், ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும்.

இதோடு ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை. வண்டியை இரண்டு அங்குலம் தூக்கி மெதுவாகக் கீழே விடுங்கள். 'டக்' என்று ஒரே சத்தம் வந்தால் சரி. கலகலவென்று கேட்டால் எங்கேயோ நட்டு தளர்ந்திருக்கிறது, தேடி முறுக்குங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹேண்டில் கழுத்தில் கடகடவென்று ஆடினால் கடைக்குக் கொண்டு போங்கள்.

கழுவ ஒரு வாளித் தண்ணீரும் துணியும் போதும். ஹோஸ் பைப்பால் சக்கர நடுவில் பீய்ச்சாதீர்கள். ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டவே வேண்டாம், அது எருமை அல்ல! உள்ளே பால்ரஸ் குண்டுகளுக்குக் கிரீஸ் இருக்கிறது. தண்ணீர் புகுந்தால் கிரீஸ் கெட்டு, குண்டுகள் துருப்பிடிக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஓட்டுமுன் ஓவராயில் செய்தே ஆகவேண்டும். அதைத்தான் நாங்கள் செய்யவில்லை.

இந்தக் கிரீஸ் விஷயத்தில் ஒரு வேடிக்கை. மலைச் சைக்கிள் பிறந்த இடம் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் பகுதி. 1970களில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலை மண் பாதையில் இறக்கி ஓட்டினார்கள். வெண்டி கிராக் என்ற பெண்ணும் அவர்களோடு ஓட்டினார், படமும் எடுத்தார். அந்தப் பழைய வண்டிகளுக்குப் பெடலைப் பின்னால் மிதித்தால்தான் பிரேக். ஒரு முறை இறங்கினாலே சூட்டில் கிரீஸ் புகைந்து போய்விடுமாம். மறுபடி பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் 1976இல் அங்கே தொடங்கிய பந்தயத்துக்கே 'ரீபேக்', அதாவது 'மறுபடி அடை' என்று பெயர் வந்துவிட்டது! சூரர்களுக்கே கிரீஸ் தேவைப்பட்டதென்றால் நமக்கு எம்மாத்திரம்?

துணிதான் முதல் எதிரி

நம் ஊர் லேடீஸ் சைக்கிளில் செயின் மூடியும், பின் சக்கரத்தில் சேலை மாட்டாமல் வலையும் இருக்கும். மலைச் சைக்கிளில் இரண்டும் கிடையாது. புடவை, தாவணி, துப்பட்டா, புர்கா எதுவானாலும் தொங்கும் ஓரம் சக்கரத்துக்குள் போய்விடும். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடியுங்கள். புர்காவின் கீழ்ப் பகுதியைத் தூக்கிப் பட்டனோ பின்னோ போடுங்கள். சுடிதார் பேண்டின் வலது கால் செயின் பக்கம். அதைக் கணுக்காலில் இலாஸ்டிக் பட்டையால் இறுக்குங்கள். செயின் மூடியும் வலையும் பொருத்த முடியுமா என்று கடையில் கேளுங்கள். தலைக்கு ஹெல்மெட் அவசியம்.

இளம் தாய்மார்களே, ஒன்று சொல்ல வேண்டும். குழந்தையைப் பின்னால் கேரியரில் சும்மா உட்கார வைக்காதீர்கள். குதிகால் சக்கரக் கம்பிக்குள் போய்ச் சதை கிழிந்து வருகிற குழந்தைகள் அநேகம். கால் வைக்க இடமும், வாரும், கம்பியை மறைக்கிற தடுப்பும் உள்ள குழந்தை சீட் வாங்கிப் பொருத்திய பிறகே ஏற்றுங்கள். நாமே புதிதாகப் பழகும்போது குழந்தை வேண்டவே வேண்டாம்.

முப்பத்தொன்பது வயதில் பழகினேன்

ஆம், பழகினேன்! வண்டி சரியானதும் முதலில் ஓட்டக் கற்றுக்கொள்வது நான்தான் என்று தீர்மானித்தேன். தெரியாத ஒன்றில் மகளை ஏற்றி விட்டு வாசலில் நிற்க இனி மனம் வரவில்லை. காலைத் தொழுகை முடிந்து, வெளிச்சம் வரும் நேரம், பாளையங்கால்வாய்க் கரையோரத்து மண் பாதை. கட்டுப் போட்ட கையோடு மகள்தான் வாத்தியார்.

முதல் வேலை, சீட்டைத் தாழ்த்தினோம். இரண்டு பாதமும் தரையில் முழுக்கப் பதிய வேண்டும். பிறகு பெடல்கள் இரண்டையும் கழற்றிவிட்டோம். ஒரு எச்சரிக்கை, இடது பெடலின் மரை எதிர்ப்புறம் இருக்கும். தெரியாமல் முறுக்கினால் கழறாது, மரைதான் கெடும். கடையிலேயே கழற்றச் சொல்லலாம். பெடல் இல்லாத வண்டியில் உட்கார்ந்து, காலால் தரையை உந்தி உந்திப் போங்கள். வண்டி உருளும்போது இரண்டு காலையும் தூக்குங்கள். இப்படி மூன்று நான்கு நாளில் உடம்பு தானாகச் சமநிலை பிடித்துக்கொள்ளும். பின்னால் யாரும் பிடித்துக்கொண்டு ஓடி வர வேண்டாம், இடுப்பும் வலிக்காது.

முன் சக்கரத்தைக் குனிந்து பார்க்கக் கூடாது. பத்தடிக்கு அப்பால் போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். பள்ளத்தையே பார்த்தால் வண்டி பள்ளத்துக்கே போகும். நான் இரண்டு தடவை போனேன்! "கண்ணு போற இடத்துக்குத்தான் வண்டி போகும்மா" என்றாள் மகள். பதினோராவது நாள் பெடலை மாட்டினோம். மாட்டிய அன்றே ஐம்பது கஜம் ஓட்டினேன். குழந்தை நடை பழகிய அன்றைக்குச் சிரிக்குமே, அப்படிச் சிரித்தேன்.

பழகிய பிறகு சீட்டை உயர்த்துங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதியுங்கள், முழங்கால் லேசாக மடங்கும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிதான் மிஞ்சும்.

பிரேக்: நம் நாட்டு வண்டிகளில் பெரும்பாலும் வலது கை முன் சக்கரம், இடது கை பின் சக்கரம். உங்கள் வண்டியில் எதுவென்று முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து, மெதுவாக அமுக்குங்கள், கூடவே உடம்பைச் சற்றுப் பின்னால் தள்ளுங்கள். முன் பிரேக்கை மட்டும் படக்கென்று பிடித்தால் வண்டி நின்றுவிடும், நாம் நிற்க மாட்டோம்!

கியர்: பயப்படவே வேண்டாம். முன்னால் சிறிய சக்கரம், பின்னால் பெரிய சக்கரம் என்றால் மிதிக்க லேசு, மேட்டுக்கு. அதற்கு நேர்மாறாக இருந்தால் பாரம், நல்ல சம ரோட்டுக்கு. பெடல் சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் கியர் மாற்ற வேண்டும், அழுத்தாமல் லேசாக மிதித்தபடி. மேடு வருமுன்பே மாற்றிவிடுங்கள். பாதி மேட்டில் மூச்சுத் திணறும்போது மாற்றினால் செயின் கழன்றுவிடும். முன்னும் பெரியது பின்னும் பெரியது, முன்னும் சிறியது பின்னும் சிறியது, இந்த இரண்டு ஜோடியும் வேண்டாம். செயின் கோணலாக இழுபட்டுத் தேயும்.

குண்டும் குழியும்: பெடல்கள் இரண்டையும் சமமாக நிறுத்தி, சீட்டிலிருந்து லேசாக எழும்புங்கள். முழங்கையும் முழங்காலும் மடங்கியிருக்கட்டும், பிடி இறுகாமல் இருக்கட்டும். வண்டி குதிக்கட்டும், நீங்கள் குதிக்காதீர்கள். மணலில் லேசான கியரில் விடாமல் மிதியுங்கள், ஹேண்டிலை வெட்டித் திருப்பாதீர்கள்.

உடம்புக்கு: பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி சைக்கிள், வாரத்தில் ஐந்து நாள் என்றால் கணக்குச் சரி. கர்ப்பமாக இருக்கும்போது புதிதாகப் பழக வேண்டாம், விழுவது ஆபத்து. பிரசவமானவர்களும் ஆபரேஷன் ஆனவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

மாமி என்ன சொன்னார்கள்?

கட்டுப் பிரித்த பிறகு சவூதிக்குப் போன் போட்டேன். நான் ஓட்டுவதை மகள் படம் பிடித்து அனுப்பினாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "கொஞ்ச நாளைக்கு நீயும் கூடப் போயிட்டு வா" என்றார்கள். பக்கத்து வீட்டு ராத்தாவின் பழைய சைக்கிளை இரவல் வாங்கி, இரண்டு வாரம் மகளோடு பாளையங்கோட்டை வரை போய் வந்தேன். தெருவில் பார்த்தார்கள், பேசினார்கள். மூன்றாம் வாரம் பேச வேறு விஷயம் கிடைத்துவிட்டது. பிறகு பள்ளிக்கூடத்தில் மகளுக்கு அரசாங்கத்தின் விலையில்லா சைக்கிள் வந்தது. செயின் மூடியும் வலையும் உள்ள அதில் அவள் போகிறாள். மலைச் சைக்கிள் எனக்கு வந்துவிட்டது. ராத்தா இப்போது கால்வாய்க் கரையில் பெடல் இல்லாத வண்டியில் உந்திக்கொண்டிருக்கிறார்கள்.

மாமி சரியென்று வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் போன வாரம் பீடித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, தையல் ஊசியும் கறுப்பு இலாஸ்டிக்குமாக உட்கார்ந்திருந்தார்கள். என்ன மாமி என்றேன். "கால்ல போடுத பட்டை. அவளுக்கு ரெண்டு, ஒனக்கு ரெண்டு" என்றார்கள். இப்போது காலையில் நாங்கள் கிளம்பினால் உள்ளேயிருந்து குரல் வருகிறது:

"ஏளா, காத்து பாத்தியா? கட்டை பாத்தியா?"

கண்ணியை மட்டும் மறந்துவிடுகிறார்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு சைக்கிள் நிற்கிறதா? இதழை மூடியதும் எழுந்து போய் அந்த பிரேக்கை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். மற்றதை அடுத்த இதழில் பேசுவோம்.